பென்சிலால் வெட்டிய வரி

பத்திரிகையில் என் படம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில், ஒரு மீன் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேலையோடு நின்று சிரிக்கிறேன். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘மீன் பெட்டிக்குள் மர்ம வைரஸ்’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் செய்தியை எழுதியவர் என் கூடப்பிறந்த அண்ணன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆறிப்போய்விட்டது என்று நல்ல பிள்ளைக்கு நடிக்க நான் தயாரில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலை ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஊசி அவிப்பது, கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி மலேரியா பார்ப்பது, பேரும் இலக்கமும் எழுதி ஒட்டுவது, இவைதான் என் வேலை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னைப் படிப்பித்து இந்த வேலைக்கு அனுப்பியவர் அண்ணன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். பின்னேரங்களில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவார். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது, கோயிலில் கொடியேறியது, சந்தையில் கூரை ஒழுகுகிறது என்று அவர் அனுப்புவதில் பாதி குப்பைக்குப் போகும். மற்றப் பாதி உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். முதல் பக்கத்தில் ஒரு நாளாவது தன் எழுத்து வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையைப் பார்த்து நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். மாரி மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு காய்ச்சல் வரும். மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விடும், நோவு மாதக்கணக்கில் நிற்கும். பெரியவர்கள் எழும்பி நடந்துவிடுவார்கள், சில குழந்தைகள்தான் பாடுபடும். அது நுளம்பு கடித்து இரத்தத்தில் ஏற்றும் ஒரு வைரஸ் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். அவருக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான் தெரியும். ஊர்களுக்குப் போய்த் தமிழில் கதைத்து இரத்தம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சி என்ற சொல்லை அதுவரை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

அவர் எனக்கு விளக்கியது சின்ன விஷயம்தான். ஒருவருக்கு முன்பு இந்தக் காய்ச்சல் வந்து மாறியிருந்தால், உடம்பு அதோடு சண்டை பிடித்த அடையாளம் இரத்தத்தில் நிற்கும். அம்மைப்பால் குத்திய தழும்பு கையில் நிற்பது மாதிரி. அது நோய் அல்ல, நோய் வந்து போனதற்குச் சாட்சி. மாரிக்கு முன் ஒருதடவை இரத்தம் எடுக்கவேண்டும். மாரி முடிந்தபின் அதே ஆட்களிடம் இன்னொரு தடவை எடுக்கவேண்டும். முதலில் அடையாளம் இல்லாதவருக்கு இரண்டாவதில் இருந்தால், இந்த மாரியில் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் எந்த மாதத்தில், எந்த ஊரில், யாரைக் காப்பாற்ற ஓடவேண்டும் என்று தெரியும். முதல் இரத்தத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவர் மூன்று தடவை சொன்னார்.

இறக்கக்கண்டிக்கு அங்காலே உள்ள ஒரு கரையூரைத் தெரிவுசெய்தோம். ஊரின் பேரை எழுதமாட்டேன். ஒருதடவை அந்தப் பேர் அச்சில் வந்து பட்ட பாடு போதும். எல்லாம் முஸ்லிம் குடும்பங்கள். கரைவலை இழுப்பார்கள், பிடித்த மீனைப் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு லொறியில் ஏற்றுவார்கள். முதல் இரண்டு நாளும் ஒருவரும் கை நீட்டவில்லை. காய்ச்சல் இல்லாதவனிடம் எதற்கு இரத்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மூன்றாம் நாள் ஊரின் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியுடைய மனைவி என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அவளை ராத்தா என்று கூப்பிட்டேன். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். அவள் டொக்டரை வெளியே இருத்தி, என்னை மட்டும் உள்ளே எடுத்து, ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டாள். எந்த நாட்டாருக்கு இந்த இரத்தம் போகிறது, மிச்சத்தை என்ன செய்வீர்கள், பஞ்சை எங்கே எறிவீர்கள் என்று எல்லாம் கேட்டாள். உடம்பிலிருந்து போன இரத்தத்தைக் கண்ட இடத்தில் எறிவது அவர்களுக்குப் பிடிக்காது, மண்ணில் புதைக்கவேண்டும். நான் ஓம் என்றேன். அப்படியே செய்தேன்.

கடைசியாக அவள் கேட்டாள்: “எங்கட ஊட்டுப் பொம்புளைகள்ட பேர் வெளிய வருமா மிஸ்ஸி?”

“வராது ராத்தா. இலக்கம்தான் எழுதுவம். உங்கட கதை ஒண்டும் இந்த வாசலைத் தாண்டாது.”

“நீங்க செல்ற வார்த்தைய நம்பித்தான் நான் ஊருக்குச் செல்றன்,” என்றாள். சொல்வது அவர்கள் பேச்சில் ‘செல்றது’.

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, முழங்கை வரை சட்டையை மடித்து, கையை மட்டும் வெளியே நீட்டினாள். முதல் இரத்தம் அவளுடையது. அதன்பிறகு வீடு வீடாக அவளே என்னோடு வந்தாள். பெண்கள் சீலைக்குப் பின்னால் இருந்து கை நீட்டினார்கள், ஆண்கள் பள்ளிவாசல் மரத்தடியில் வந்து இருந்தார்கள். நாலு நாளில் வேலை முடிந்தது.

இரத்தம் கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். டொக்டர் கொண்டுவந்த குளிர்ப்பெட்டி வழியில் குலுங்கி மூடி உடைந்துவிட்டது. கரையூரில் ஐசுக்கு என்ன குறை. ராத்தாவின் மனிசன், அந்தச் சம்மாட்டி, மீன் படாத புதுப்பெட்டி ஒன்றை எடுத்து, உமி போட்டு, ஐசை நொறுக்கிப் பரப்பித் தந்தார். அவருடைய பெட்டிகள் எல்லாவற்றிலும் நீல வர்ணத்தில் ஒரு நங்கூரம் கீறியிருக்கும். கொழும்புச் சந்தையில் அந்த நங்கூரத்தைப் பார்த்தால் பெட்டியைத் திறக்காமலே எடுப்பார்களாம். அந்தப் பெட்டியில் குழாய்களை அடுக்கி, மீன் லொறியின் முன்பக்கத்தில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் குளிராக ஒன்றைக் கொண்டுபோக வேறு வழியே இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவுமில்லை.

அன்று அண்ணன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். தோளில் கமெரா தொங்கியது. “பெட்டிக்குப் பக்கத்தில நில்லு பிள்ளை, ஒரு படம் எடுப்பம்,” என்றார். நான் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. பெட்டியில் நங்கூரம் பளிச்சென்று தெரிந்தது.

ஆறு கிழமை கழித்து டொக்டரின் கடிதம் வந்தது. ஊரில் நிறையப் பேருக்கு அந்தக் காய்ச்சல் முன்பே வந்து மாறியிருக்கிறது என்றும், எடுத்த இரத்தத்தில் எந்த நோயும் இப்போது இல்லை என்றும், இது நாங்கள் எதிர்பார்த்ததைவிட முக்கியமான விஷயம் என்றும் எழுதியிருந்தார். இரண்டாம் இரத்தம் எடுக்கும்வரை இது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி.

அன்று மத்தியானம் குசினியில் சாப்பிடும்போது நான் அண்ணனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், பெருமைதான். நான் எடுத்த இரத்தத்தில் ஒரு புதுச் செய்தி இருந்தது. வீட்டில் சொல்ல எனக்கு அவரைவிட்டால் யார்?

“நிறையப் பேருக்கு வைரஸ் இருந்திருக்கு அண்ணை. ஆனா இப்ப ஒருத்தருக்கும் நோய் வருத்தம் இல்லை. வந்து போனதின்ர அடையாளம் மட்டும்தான். அதுதான் ஆச்சரியம்.”

“அப்ப எல்லாருக்கும் இருந்ததோ?”

“கனபேருக்கு. எழுதிப்போடாதேங்கோ. டொக்டர் சொல்லவேண்டாம் எண்டவர்.”

“சீச்சீ, நான் ஏன் எழுதுறன்,” என்று சொல்லி அண்ணன் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கம். கரையோர மக்களின் இரத்தத்தில் கொடிய வைரஸ் குடிகொண்டிருக்கிறதாம். வெளிநாட்டில் பல உயிர்களைக் குடித்த கிருமியோ என்று நிபுணர்கள் அஞ்சுகிறார்களாம். எந்த நிபுணர்? நானும் அந்த டொக்டரும்தான் நிபுணர். நாங்கள் அஞ்சவில்லை. நச்சு இரத்தம் மீன் பெட்டிகளில் இரகசியமாகக் கடத்தப்பட்டது என்று ஒரு வரி. ஊரின் பேர் இரண்டு இடத்தில். நடுவில் நங்கூரத்தோடு நான், பல்லெல்லாம் தெரிய.

அண்ணன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பத்திரிகையை முன்னால் போட்டேன்.

“நான் இப்பிடி அனுப்பேல்லை பிள்ளை,” என்றார். முகம் வாடித்தான் இருந்தது. “நான் நல்லவிதமாத்தான் எழுதினனான். இப்ப ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை எண்டும் எழுதினனான். கொழும்பில இருக்கிறவங்கள் வெட்டிக்கொத்திப் போட்டாங்கள். அவங்கட குணம் உனக்குத் தெரியாது.”

“எழுதமாட்டன் எண்டு சொன்னீங்கள்.”

“நல்ல செய்திதானே எண்டு நினைச்சன். உன்ர பேருக்கும் நல்லது எண்டு நினைச்சன்.”

நான் அவரை நம்பினேன். முகம் தெரியாத கொழும்புக்காரர்களைத் திட்டுவது, என்னை வளர்த்தவரைத் திட்டுவதைவிட எனக்குச் சுகமாக இருந்தது.

யாருடைய பிழை என்று தெரியும்வரை மீன் காத்திருக்காது. பத்திரிகை வந்த மறுநாளே நீல நங்கூரப் பெட்டிகளைக் கொழும்பில் ஒருவரும் தொடவில்லை. லொறி பெட்டிகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிட்டுப் போனது. அதற்கடுத்த நாள் லொறியே நிற்கவில்லை. நகரச் சந்தையில் அந்த ஊர்ச் சனம் கொண்டுவந்த மீனை மற்ற வியாபாரிகள் பக்கத்திலேயே வைக்க விடவில்லை. வைரஸ் மீனில் இல்லை, அது நுளம்பால் வருவது என்று நான் சந்தையில் நின்று தொண்டை கிழியச் சொன்னேன். “நீங்கதானே மிஸ்ஸி படத்தில நிண்டது?” என்று ஒருவர் கேட்டார். படத்திலிருந்த என் சிரிப்புக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. அந்தக் கரையில் மீனைக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் சொன்னார்கள்.

டொக்டர் கொழும்பிலிருந்து பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். இரண்டு பக்கம், ஒவ்வொரு சொல்லாக யோசித்து எழுதியது. அதில் நாலு வரியை எடுத்து உள்பக்கத்தில் போட்டார்கள். தலைப்பு: ‘வைரஸ் பீதி: அதிகாரி மழுப்பல்’. இரண்டாம் இரத்தம் எடுக்கும்வரை எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது என்று அவர் நேர்மையாக எழுதியதைத்தான் மழுப்பல் என்றார்கள். ஆராய்ச்சி செய்கிறவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். பத்திரிகைக்கு அந்த ஒரு சொல் போதும், அதற்குள் எதையும் நிரப்பிக்கொள்ளலாம்.

அவருடைய கடிதத்தின் பிரதி எனக்கு வந்தது. அதை அண்ணனிடம் காட்டி, அவருடைய நல்ல செய்தியை இன்னொருதடவை அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். முதலில் எழுதியதின் பிரதி இருக்கும். எதை அனுப்பினாலும் ஒரு தாளை வீட்டில் வைத்திருப்பது அவர் வழக்கம். வசனங்களை முதலில் பேனையால் எழுதி, பிறகு பென்சிலால் திருத்தி, அந்தத் தாளை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுச் சுத்தப்பிரதியைத் தபாலில் போடுவார். அவர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் நான் அலுமாரியைத் திறந்தேன்.

தாள் மேலாகவே கிடந்தது. ‘மீன் பெட்டிக்குள் மர்ம வைரஸ்’ என்று அண்ணனின் வடிவான வாத்தியார் எழுத்தில் மேலே இருந்தது. நிபுணர்கள் அங்கே அஞ்சிக்கொண்டிருந்தார்கள். நச்சு இரத்தம் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. நடுவில் ஒரு வரி: ‘எனினும், இவர்களில் எவருக்கும் இப்போது நோய் இல்லை, முன்பு வந்து மாறியதன் அடையாளமே இது என ஆய்வாளர் கூறுகின்றனர்.’ குசினியில் நான் சொன்னதை அவர் நன்றாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தார். என்னைவிடத் தெளிவாக எழுதியிருந்தார். பிறகு அதன் மேலே பென்சிலால் ஒரு கோடு. வகுப்பில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துக் கீறிய நேர்க்கோடு.

விளங்காமல் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். விளங்கி எழுதி, பிறகு அடிமட்டம் தேடி எடுத்து வெட்டியிருக்கிறார். அந்த அடிமட்டத்தை நினைத்து நான் அழுதேன்.

பின்னேரம் வந்தவரிடம் தாளை நீட்டினேன். அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பார்த்தார். மறுக்கவில்லை.

“அந்த வரியை ஏன் வெட்டினீங்கள்?”

மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். பிறகு ஒரு மாணவிக்குக் கணக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்: “அது இருந்தா செய்தியே இல்லையே பிள்ளை.”

தாளை நான் மடித்து எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பானையில் சாப்பிட்டோம். அவர் இறக்கும்வரை என் வேலையைப் பற்றி அவரோடு நான் ஒரு வசனமும் கதைக்கவில்லை. அவர் கேட்பார். நான் உலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாரி முடிந்து தை மாதம் பிறந்தது. இரண்டாம் இரத்தம் எடுக்கவேண்டிய காலம். டொக்டர் என்னைக் கேட்கவே கூச்சப்பட்டார். நானாகத்தான் போனேன். ஊசிப்பெட்டியை ஒரு கையிலும், அண்ணனின் தாளை மடித்து மறு கையிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ராத்தாவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப்பார்த்துக்கொண்டே போனேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, என் அண்ணன்தான் என் கழுத்தை அறுத்தார், இதோ அவருடைய எழுத்து, இதோ அவர் வெட்டிய வரி. அவள் அதைப் பார்த்தால் என் பக்கம் வருவாள், அவள் வந்தால் ஊர் வரும் என்று நினைத்தேன்.

ராத்தா என்னைத் துரத்தவில்லை. உள்ளே கூப்பிட்டாள், பாய் விரித்தாள், தேத்தண்ணி தந்தாள். மெலிந்திருந்தாள். மனிசன் வலையை விற்றுவிட்டு முள்ளிப்பொத்தானைப் பக்கம் கூலிக்கு வயல் வெட்டப் போயிருக்கிறார் என்றாள். ஊரில் சில பேர் அவளோடு இன்னும் கதைப்பதில்லையாம். நான் தாளை விரித்து, அந்தக் கோட்டைக் காட்டி, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். நிதானமாக முழுவதையும் வாசித்தாள். வெட்டிய வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

“நீங்க பொய் செல்லல்ல மிஸ்ஸி,” என்றாள். “அது எனக்கு அண்டைக்கே தெரியும்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஒங்கட காக்கா வெட்டினது இரிக்கட்டும். எங்கட ஊட்டுக் கதைய ஒங்கட ஊட்டுக்கு ஆரு கொண்டு போன?”

தாளை என் மடிப்பின்படியே மடித்து என் கையில் தந்தாள்.

“மத்தியான பஸ்ஸ உட்டா இனி அசர் தொழுகைக்குப் பிறகுதான் இரிக்கி. வெளிக்கிடுங்க,” என்றாள்.

ஊசிப்பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையால் நடந்தேன். டொக்டரின் அறிக்கையில் அந்த ஊரிலிருந்து இரண்டாம் இரத்தம் பெறமுடியவில்லை என்று பின்னர் ஒரு வரி வந்தது, அத்தோடு எல்லாம் முடிந்தது. அந்த மாரியில் அங்கே எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்கு மாறியது, யாருக்கு மாறவில்லை என்று எங்களுக்குத் தெரியாது. நான் நடந்துபோன ஒழுங்கையில் ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை. வேலையில்லாமல் வாசலில் இருந்த சனம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அப்படிச் சொல்ல உரிமை உள்ளவர்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.